இரண்டு பங்கு சாம்பல்

அத்தியாயம் 11

போன வாரம் இரண்டு கோழிகளைப் புதைத்துவிட்டுப் பிரிந்தோம்.

வரிசை மறந்தவர்களுக்கு: பொருளாளர் செவ்வாய்க்கிழமை போனாள். செயலாளர் வியாழக்கிழமை. ஊர்த் தோட்டக் கழகத்திலிருந்து தன்னை ஓட்டுப் போட்டு வெளியேற்றிய நான்கு பேரின் பதவிகளை மெர்வ் ஹார்வுட் தன் நான்கு கோழிகளுக்கும் பெயராகச் சூட்டியிருந்தார். முட்டை போடாத நாட்களில் அவர்களை வாய்விட்டுத் திட்டுவது அவருக்குப் பெரிய ஆறுதல். அவர்கள் பதவிக்காலம் முடியும் முன்பே செத்துப்போவார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

மிச்சம் இருந்தவர்கள் தலைவியும் துணைத்தலைவியும்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ப்ரியோனி பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்தில் இறங்கினாள். ஹுவான் பள்ளத்தாக்கில் ஏப்ரல் கடைசி; உலகத்தின் இந்தத் தென்கோடியில் குளிர் தொடங்கும் காலம். ஆற்றின் மேல் எழுந்த பனிமூட்டம் மேடேறி வேலிவரை வந்து நின்றிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் உலகம் இருப்பதற்கான ஆதாரம் எதுவும் தெரியவில்லை.

ப்ரியோனி மெர்வின் மருமகள். ஆறு மாதக் கர்ப்பிணி. ஹோபார்ட் நகரத்தில் வாடகைக்கு இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டதால், பிப்ரவரியில் அவளும் கணவன் ட்ரென்ட்டும் பெட்டிகளோடு மெர்வின் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். மார்ச்சில் மாமியார் நோலீன் தன் தங்கையோடு கேரவனில் ஏறி, குளிர்காலம் முழுக்க வெயில் காய்வதற்காகக் குயின்ஸ்லாந்து புறப்பட்டாள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நோலீன் மூன்று முறை சொல்லிவிட்டுப் போனாள்.

ட்ரென்ட் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். சால்மன் மீன் பண்ணையில் பத்து நாள் தொடர் வேலை முடிந்து நேற்றுத்தான் வந்தான். மெர்வ் கொட்டகையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை.

அவள் கேரட் பாத்தியின் ஓரத்தில் ஒரு பழைய தீவனச் சாக்கை விரித்து மண்டியிட்டாள். ஒரு கேரட்டைப் பிடுங்கினாள். கால்சட்டையில் துடைப்பதுபோல் ஒரு பாவனை செய்தாள். காம்போரம் ஒட்டியிருந்த ஈர மண்ணோடு சேர்த்துக் கடித்தாள். பிறகு, கேரட்டை மறந்துவிட்டு, விரல் நுனியில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

முதல் மூன்று மாதம் அவளுக்கு எதுவும் பிடிக்கவில்லை. நான்காவது மாதம் மண் பிடித்தது.

ஐஸ்கிரீம் கேட்கிற கர்ப்பிணிக்குக் கணவன் காரை எடுத்துக்கொண்டு ஓடுவான். மண் கேட்கிறவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? கிளினிக் நர்ஸ் ஒவ்வொரு முறையும் கேட்டாள். "விசேஷமா ஏதாவது சாப்பிடத் தோணுதா?" ப்ரியோனி ஒவ்வொரு முறையும் சொன்னாள். "இல்லையே. நல்லாத்தான் இருக்கேன்."

ஈஸ்டரிலிருந்து இந்த மண்ணுக்கு ஒரு புது ருசி வந்திருந்தது. லேசான உப்பு. தீக்குச்சி மருந்தை நக்கினால் வரும் ஒரு கரகரப்பு. முன்பு ஒரு சிட்டிகையில் நின்ற ஆசை, அதன் பிறகு நிற்கவில்லை.

ஈஸ்டரிலிருந்துதான் அவளுக்கு வயிற்றைப் புரட்டுவதும், பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல் மரத்துப்போவதும் தொடங்கின. வயிற்றில் இருப்பவனுக்கு இதெல்லாம் ஆகுமா என்று தினமும் மாலை பயந்தாள். நாளைக்கு ட்ரென்ட்டிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் இரவு முடிவு செய்தாள். மறுநாள் காலை தினமும் மழை பெய்த மண்ணின் வாசனை வந்தது.

"ப்ரை!"

அவள் துள்ளி எழுந்தாள். மெர்வ் கோழிக் கூண்டு வாசலில் நின்று கையை ஆட்டினார்.

"இங்க வந்து பாரு. தலைவி நடக்கிற அழகை."

தலைவி, மதுக்கடை மூடும் நேரத்தில் வெளியே வருகிறவனைப்போல் நடந்தாள். இரண்டடி வைத்து, நின்று, மூன்றாவது அடியைப் பற்றி யோசித்தாள். கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. கூண்டுக்குள், கோழிகள் புரளுவதற்காக வெட்டிய குழியில், சாம்பல் வெல்வெட்டைப்போல் மெத்தென்று கிடந்தது. துணைத்தலைவி அதில் இறக்கையை விரித்துப்போட்டுப் புரண்டுகொண்டிருந்தாள்.

"இதுக்கும் அதேதான்," என்றாள் ப்ரியோனி.

"அதேதான். திங்கக்கிழமை நீ சமையல்கட்டுக் கழிவுல என்ன போட்ட?"

"ஞாபகமில்லையே. ஏன்?"

"அவகாடோ தோல் போட்டியா?"

அவள் யோசித்தாள். போட்டிருந்தாள். "மக்குக் குழியிலதான் போட்டேன் மெர்வ். கூண்டுல இல்ல."

"குழிக்கு மூடி இல்ல. கோழிக்குக் காலு இருக்கு." மெர்வ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அவகாடோ தின்னா கோழி செத்துப்போகும். சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஹோபார்ட்ல சொல்லித் தரமாட்டாங்கபோல."

"ஹோபார்ட்ல கோழியக் கடையிலதான் பாத்திருக்கேன்."

"அது தெரியுது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வானிலை சொல்வதுபோல் சொல்லிவிட்டு, கொட்டகைக் கதவை நோக்கி நடந்தார். இன்றைய வேலைப் பட்டியல் அந்தக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது: பூண்டு. அவரை. பட்டாணி வைக்கோல் மூடாக்கு. தக்காளிச் செடி பிடுங்கல். புகைபோக்கி, கார்லீன், 11 மணி. கடைசியில், அடிக்கோடிட்டு: இன்றிரவு உறைபனி.

வரும் செவ்வாய்க்கிழமை அன்ஸாக் நாள், போரில் இறந்தவர்களை நினைக்கும் விடுமுறை. அதற்குள் பூண்டு மண்ணுக்குள் போயாக வேண்டும். இதை மெர்விடம் யாரும் சட்டமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவர் இதைச் சட்டங்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தார்.

ஒன்பது மணிக்கு ட்ரென்ட் காப்பிக் கோப்பையோடு வந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். அப்பாவின் முதுகைப் பார்த்தான். பத்து நாள் வீட்டில் இல்லாததன் அருமை அவனுக்குப் புரிந்தது.

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியாப்பா?"

"நான் என்ன ஆரம்பிச்சேன்? மூணாவது கோழி சாகுது. அதைச் சொன்னேன். கயித்த இழுத்துப் பிடி."

பாத்தியின் குறுக்கே கயிறு கட்டினார்கள். மெர்வ் பூண்டை உடைத்துப் பல் பலாகப் பிரித்து ப்ரியோனியின் மடியில் போட்டார். "ஒரு சாண் விட்டு ஒண்ணு. கூர் மேல, தட்டை கீழ."

"தெரியும்."

"தெரியும்னுதான் சொல்லுவ. போன வருஷம் நோலீனோட தங்கச்சி தெரியும்னு சொல்லி நட்டா. பாதி தலைகீழா மொளைச்சுது."

"அதான் அவங்க கேரவன் வாங்கிட்டுப் போயிட்டாங்க," என்றான் ட்ரென்ட். ப்ரியோனிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஒரு வரிசை முடிந்ததும் மெர்வ் தகர வாளியைக் கொண்டுவந்தார். அதில் சலித்த சாம்பல். மாவைப்போல் மென்மை, வெளுத்த சாம்பல் நிறத்துக்கு அடியில் பாசி படிந்ததுபோல் ஒரு பச்சைச் சாயல். கை நிறைய அள்ளி, வரிசை நெடுக, சல்லடை பிடித்த நிதானத்தோடு தூவினார். தோட்டத்தில் இந்த ஒரு வேலையை மட்டும் அவர் யாரிடமும் கொடுப்பதில்லை.

"அந்தத் திராட்சைத் தோட்டத்துக் கட்டை இருக்கே, அது மாதிரி ஒண்ண நான் என் ஆயுசுல பாத்ததில்ல," என்றார். "ராத்திரி பத்து மணிக்குக் கணப்புல போட்டுட்டுப் படுக்கறேன். காலையில பாத்தா உள்ள கனல் அப்படியே கண்ணை உருட்டிக்கிட்டு இருக்கு. அணையவே மாட்டேங்குது."

மேட்டிலிருந்த திராட்சைத் தோட்டத்தில் பழைய கொடிகளைப் பிடுங்கியபோது, கொடி தாங்கிய கம்பங்களை வேண்டியவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று பலகை வைத்தார்கள். சும்மா என்ற சொல்லைக் கேட்டால் மெர்வின் முதுகுவலி தானாகச் சரியாகிவிடும். மூன்று டிரெய்லர் நிறைய ஏற்றிவந்தார். மார்ச் கடைசியில் குளிர் தொடங்கியதிலிருந்து வீடு கதகதப்பாக இருந்தது. அந்த விஷயத்தில் மட்டும் ப்ரியோனி அவரை மனதுக்குள் பாராட்டியிருக்கிறாள்.

"உன் மூச்சுல பூண்டு நாறுது," என்றான் ட்ரென்ட், அவள் காதருகே குனிந்து. "உரிக்கச் சொன்னாங்களா, தின்னச் சொன்னாங்களா?"

"நான் பூண்டு தின்னவே இல்ல."

"அப்போ தோட்டம் உன்னத் தின்னுது."

அவள் அவனைப் பார்த்தாள். சொல்லிவிடலாம். இப்போதே. இருவர் மட்டும் நிற்கிறார்கள். மெர்வ் வாளியோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். "ட்ரென்ட்," என்று ஆரம்பித்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. ஏணி இறங்கும் சத்தம்.

புகைபோக்கி துடைக்கும் கார்லீன், பதினொரு மணி என்றால் பத்தே முக்காலுக்கு வருகிறவள். ஐம்பது வயது, தோளில் கம்பித் தூரிகைகள், பள்ளத்தாக்கில் பாதி வீடுகளின் புகைபோக்கிகள் அவள் கையில் இருந்ததால், பாதி வீடுகளின் ரகசியங்களும் இருந்தன.

"யோவ் மெர்வ்! போன வருஷம் உன் புகைபோக்கில மைனா குடும்பம் நடத்திச்சு. இந்த வருஷம் யாருக்கு இடம் குடுத்திருக்க?"

"எம் புள்ளைக்கும் மருமகளுக்கும்."

"அவங்க மைனாவைவிடச் சத்தம் கம்மி." கார்லீன் ப்ரியோனியின் வயிற்றைப் பார்த்துக் கண்ணடித்தாள். "புள்ளத்தாச்சி, நீ சமையல்கட்டுலயே இரு. கரித்தூசி பறக்கும்."

ப்ரியோனி சமையல்கட்டில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். நடு அறையில் துணி விரிக்கும் ஓசை, தூரிகை உரசும் ஓசை, கார்லீனின் முணுமுணுப்பு. பிறகு எல்லாம் நின்றது.

கெட்டில் கொதித்து அடங்கியது. இன்னும் சத்தமில்லை.

"மெர்வ்," என்றது கார்லீனின் குரல். யோவ் இல்லை. "கொஞ்சம் உள்ள வா."

ப்ரியோனி கதவோரம் வந்து நின்றாள். கார்லீன் கணப்பின் முன் மண்டியிட்டிருந்தாள். கையுறை அணிந்த உள்ளங்கையில் கொஞ்சம் சாம்பல். அதன் நடுவில் கருகிய வளைவு ஆணிகள் இரண்டு.

"இது என்ன ஆணி?"

"கம்பி அடிக்கிற ஆணி. கட்டையில இருந்திருக்கும்."

"எந்தக் கட்டையில?"

"திராட்சைத் தோட்டத்துக் கம்பம். ஏன், ஆணி உன் தூரிகையக் கடிச்சிருச்சா?"

கார்லீன் சிரிக்கவில்லை. எழுந்து, பக்கக் கதவு வழியாக விறகு அடுக்குக்குப் போனாள். மெர்வும் ப்ரியோனியும் பின்னால் போனார்கள். ட்ரென்ட் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டான். கார்லீன் ஒரு துண்டுக் கம்பத்தை உருவி, அறுத்த முனையை வெளிச்சத்தில் திருப்பினாள். மேலெல்லாம் மழையில் நரைத்திருந்தது. அறுத்த முகத்தில், ஓரம் சுற்றி வளையமாக, பச்சை.

"இது மருந்து ஏத்தின பைன் மரம். கரையான் அரிக்காம இருக்க ஏத்தறது."

"தெரியும்," என்றார் மெர்வ். "இருபது வருஷம் மழையில நின்ன கம்பம். இருந்த மருந்தெல்லாம் எப்பவோ கழுவிட்டுப் போயிருக்கும்."

"மழையில போற மருந்தை மழையில நிக்கிற கம்பத்துக்கு எந்தப் பைத்தியக்காரன்யா ஏத்துவான்?"

"எரிக்கக் கூடாதுன்னு எச்சரிக்கை எழுதிப் போடுவான். ஏணில ஏறக் கூடாதுன்னும்தான் போடுவான். எல்லாத்துக்கும் எதையாவது போடுவான். அதப் பாத்தா ஒருத்தன் உயிர்வாழ முடியாது."

"பெருசு, அதுல ஆர்செனிக் இருக்கு. பாஷாணம். எரிச்சா புகையில கொஞ்சம் போகும். மிச்சம் போகாது, சாம்பல்ல உக்காந்துக்கும்." கட்டையைக் கீழே வைத்து, கையுறைகளைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்தாள். "அந்தச் சாம்பல எங்க கொட்டற?"

பனிமூட்டம் விலகிவிட்டிருந்தது. அவர்கள் நின்ற இடத்திலிருந்து தோட்டம் முழுக்கத் தெரிந்தது. பூண்டுப் பாத்தி. வெங்காயப் பாத்தி. கூண்டு. எல்லாவற்றின் மேலும் திருமண வீட்டுக் கேக்கின் மேல் சர்க்கரை தூவியதுபோல் ஒரே சீராக, வெளிறிய சாம்பல். மெர்வ் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல.

"கூண்டுலயுமா?" என்றாள் கார்லீன்.

"பேன் புடிக்காம இருக்கறதுக்கு," என்றார் மெர்வ். குரல் இறங்கியிருந்தது.

ட்ரென்ட் கூண்டுக்கு ஓடினான். தலைவி தண்ணீர்த் தட்டின் பக்கத்தில் சாய்ந்து கிடந்தாள். ஒரு கால் நீண்டு விறைத்திருந்தது. அவன் துணைத்தலைவியைக் குழியிலிருந்து தூக்கி வெளியே விட்டான். அவள் அவனைத் திட்டிக்கொண்டே புல்லில் இறங்கி, தள்ளாடினாள்.

அவகாடோ இல்லை.

ப்ரியோனிக்கு முதலில் தோன்றியது அதுதான். நான் இல்லை, என் அவகாடோ இல்லை. காலையிலிருந்து கழுத்தில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அந்த நிம்மதி இரண்டு மூச்சு நேரம் இருந்தது. மூன்றாவது மூச்சில் நாக்கில் உப்புக் கரித்தது.

கார்லீன் உத்தரவு போடத் தொடங்கியிருந்தாள். "தோட்டத்துல இருந்து இனிமே ஒரு இலை உள்ள வரக் கூடாது. சாம்பல யாரும் தொடாதீங்க, பெருக்காதீங்க. இதுவரைக்கும் என்ன சாப்பிட்டீங்க?"

"கீரை, கொஞ்சம் வெங்காயத்தாள்," என்றான் ட்ரென்ட். "எல்லாம் நல்லாக் கழுவித்தான் சமைப்போம். ப்ரை கீரைய மூணு தண்ணியில அலசுவா. இல்லையா ப்ரை?"

"அப்போ பரவால்ல. எதுக்கும் டாக்டரப் பாத்துருங்க. யோவ், வேற யாருக்காவது சாம்பல் குடுத்தியா?"

மெர்வ் சாலைப் பக்கம் பார்த்தார். "ஏழு வீட்டுக்கு." சற்றுப் பொறுத்துச் சேர்த்துக்கொண்டார். "பூண்டு நடப் போறோம்னு அவங்களா வந்து கேட்டாங்க."

"போய்ச் சொல்லு."

மெர்வ் தொப்பியைப் போட்டுக்கொண்டார். ஏழு வீட்டில் நான்கு வீடு, அவரை ஓட்டுப் போட்டு வெளியேற்றிய வீடு. அவர்கள் முன்னால் போய் நின்று, நான் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தால் ஆர்செனிக்கைவிட அது கசப்பதுபோல் தெரிந்தது. ட்ரென்ட் நீளமாக மூச்சு விட்டான். ஆபத்து ஏதோ அருகில் வந்து தவறிப்போனது போன்ற ஒரு தளர்வு. கார்லீன் தூரிகைகளைப் பொறுக்கினாள்.

எல்லோரும் கலையப் போகிறார்கள். கலைந்துவிட்டால் அவள் சொல்ல மாட்டாள். அது அவளுக்கே தெரியும். இன்று இரவு மறுபடி, நாளைக்கு என்று முடிவு செய்வாள்.

"நான் கழுவறதில்ல," என்றாள் ப்ரியோனி.

"என்னது?"

"கேரட்ட. கழுவறதில்ல."

ட்ரென்ட் சிரித்தான். "சரி, ஒண்ணு ரெண்டு தோட்டத்துல பிடுங்கித் தின்னிருப்ப. அதுக்கெல்லாம்..."

"தினமும் ட்ரென்ட். கேரட்டுக்காக இல்ல." அவள் குரல் அவளுக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது. "மண்ணுக்காக. பிப்ரவரியிலேருந்து நான் மண் திங்கறேன்."

துணைத்தலைவி எங்கோ கொக்கரித்தாள்.

"யாருகிட்டயும் சொல்லலையா?" என்றான் ட்ரென்ட்.

"என்னன்னு சொல்லச் சொல்ற?"

கார்லீன்தான் முதலில் அசைந்தாள். "புள்ளத்தாச்சிக்கு வர்றதுதான். எங்க அக்கா சாக்கட்டியாத் தின்னு தீத்தா. வெக்கப்பட இப்ப நேரமில்ல கண்ணு." பேசிக்கொண்டே போனை எடுத்து, விஷ உதவி எண்ணை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, உள்ளே போய்ச் சமையல்கட்டு மேசையில் வைத்தாள்.

மறுமுனையில் ஒரு பெண். நிதானமான குரல். எத்தனை வாரம் என்று கேட்டாள். இருபத்தாறு. ஒரு நாளைக்கு எவ்வளவு மண்?

"ஒரு ஸ்பூன். சின்ன ஸ்பூன்." ப்ரியோனி மேசையைப் பார்த்துச் சொன்னாள். "ஈஸ்டருக்கு அப்புறம் ரெண்டு. சில நாள் மூணு."

ட்ரென்ட் ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

வயிற்று வலி உண்டா? உண்டு. கை கால் மரத்துப்போகிறதா? பாதம். மூச்சில் பூண்டு வாசனை வருவதாக யாராவது சொன்னார்களா?

பூண்டு நடுகிற வாரத்தில், விரலெல்லாம் பூண்டுத் தோல் ஒட்டியிருக்க, இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ட்ரென்ட்தான் சொன்னான். "வருது. நான்தான் சொன்னேன்." சொல்லிவிட்டு வாயைக் கையால் மூடிக்கொண்டான்.

"குடிக்கிற தண்ணி எங்கேருந்து வருது?" என்றாள் அந்தப் பெண்.

நான்கு பேரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள். கூரை. கூரையின் நடுவே புகைபோக்கி. கூரையைச் சுற்றி மழைநீர்க் குழாய். குழாயின் முடிவில் தொட்டி. அந்தத் தண்ணீரில்தான் கீரையை மூன்று முறை அலசினார்கள்.

"கூரையிலேருந்து," என்றார் மெர்வ்.

மறுமுனையில் விசைப்பலகையின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. "அந்தத் தண்ணிய இனிமே யாரும் குடிக்காதீங்க. வீட்ல இருக்கற எல்லாருக்கும் சோதனை எடுக்கணும். ஆனா அவங்க முதல்ல. அவங்க சாப்பிட்ட இடத்துல சாம்பல் எவ்வளவு விழுந்திருக்கும்?"

"இருங்க, இருங்க." ட்ரென்ட் மேசையின் மேல் குனிந்தான். முகத்தில் ஒரு நம்பிக்கை வந்திருந்தது. "அவ சாப்பிட்டது கேரட் பாத்தியில. அப்பா கேரட் பாத்தில எதுவும் போட மாட்டாரு. சின்ன வயசுலேருந்து பாத்திருக்கேன். எதையாவது போட்டா கேரட் ரெண்டா பிளந்துக்கும்னு போடவே விட மாட்டாரு. இல்லையாப்பா? சொல்லேன்."

மெர்வ் தொப்பியைக் கழற்றினார்.

"போடறதில்ல," என்றார். "எப்பவும் போடறதில்ல."

"பாத்தீங்களா?"

"இந்த வருஷம் போட்டேன்."

அவர் போனைப் பார்த்துப் பேசினார். அதைவிட்டால் அந்த அறையில் அவரால் பார்க்க முடிந்தது வேறு எதுவும் இல்லை.

"தினமும் காலையில இந்தப் பொண்ணு போயி அந்தப் பாத்தி ஓரமா உக்காருவா. கொட்டகை சன்னல்லேருந்து தெரியும். கேரட்டப் பிடுங்கிக் கடிப்பா. நான் வெளைய வச்சத அப்படி ஆசையா யாரும் தின்னு நான் பாத்ததில்ல. நோலீன்கூட கடையிலதான் வாங்குவா." தொப்பியின் விளிம்பை விரல்களால் சுற்றிக்கொண்டே இருந்தார். "மண் திங்கறான்னு தெரியாது. கேரட் புடிச்சிருக்குபோலன்னு நெனச்சேன். புள்ளத்தாச்சி, நல்லாத் திங்கட்டும்னு... மத்ததுக்கெல்லாம் ஒரு பங்குதான். அந்தப் பாத்திக்கு ரெண்டு பங்கு போட்டேன். நல்லா சலிச்சு."

இதுதான் மெர்வ் ஹார்வுட் தன் மருமகளைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. ப்ரியோனிக்கு அழ வேண்டுமா, அவர் சட்டையைப் பிடிக்க வேண்டுமா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

"உடனே கிளம்புங்க," என்றது போன். குரலில் நிதானம் அப்படியே இருந்தது. வேகம் மட்டும் கூடியிருந்தது. "ஹோபார்ட் ஆஸ்பத்திரிக்கு நான் பேசிடறேன். அவசரப் பிரிவு வாசல்ல உங்களுக்காக ஆள் நிப்பாங்க. துணி எதுவும் எடுத்து வைக்க வேணாம். அந்தச் சாம்பல்ல கொஞ்சம் மூடி போட்ட டப்பாவுல எடுத்துட்டுப் போங்க."

கார்லீன் ஏற்கனவே கையுறையை மாட்டிக்கொண்டு டப்பா தேடினாள். ட்ரென்ட் சாவியைத் தேடினான்; சாவி அவன் கையில் இருந்தது.

காரின் கதவைப் பிடித்துக்கொண்டு மெர்வ் நின்றார். "நானும் வரேன்."

"நீ ஏழு வீட்டுக்குப் போ," என்றான் ட்ரென்ட். அவன் அப்பாவிடம் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. மெர்வும் கேட்டதில்லை. அவர் கதவை விட்டார். சாலையில் ஏறி, முதல் வீட்டின் படலைத் திறப்பதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

கார் ஆற்றோரம் விரைந்தது. ஆப்பிள் தோட்டங்களில் வலைகளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வீடுதோறும் யாரோ ஒருவர் மண்வெட்டியோடு குனிந்திருந்தார்கள். நல்ல வெயில், இரவு உறைபனி, நடுவதற்குத் தோதான நாள். அவர்கள் பாத்திகளைப் பார்க்கக் கூடாது என்று ப்ரியோனி கண்ணை முன்னால் வைத்துக்கொண்டாள். மடியில் ஜாம் பாட்டிலில் சாம்பல். பாட்டிலின் மேல், மெர்வின் கையெழுத்தில், போன வருஷத்து ப்ளம் என்று இருந்தது.

ட்ரென்ட் முன்னால் போன ஒரு லாரியை முந்தினான். பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையை நீட்டி அவள் வயிற்றின் மேல் வைத்தான்.

"அசையுதா?"

மூன்று மாதமாக யார் எதைக் கேட்டாலும் நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிப் பழகிய வாய். இப்போதும் அது தயாராகத் திறந்தது. 'ம்' என்று தொடங்கவும் செய்தது.

"நேத்து ராத்திரியிலேருந்து இல்ல," என்றாள்.